பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

அம்மிணிக்கு உட்காரத் தெரியாது. கல்யாணத்தில் ஊஞ்சலில் உட்கார்த்தி வைத்தபோதே, பந்தியில் பாயசம் வந்தாச்சா என்று பார்க்க எழுந்தவள் என்று அவள் புருஷன் வெங்கிடேஸ்வரன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சாப்பிடும்போது எழுந்திருப்பாள், டி.வி. பார்க்கும்போது எழுந்திருப்பாள், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு வெகு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்குப் போய், ஐம்பது வயதுக்கு மேல், உட்கார்ந்தே செய்கிற வேலை வாய்த்தது.

தமிழ் சீரியல்களின் அடியில் ஓடும் மலையாள வரிகளை எழுதுகிற வேலை. எர்ணாகுளத்தில் ஒரு சின்னக் கம்பெனி சீரியலை அனுப்பும். அம்மிணி வீட்டிலிருந்தபடி வசனத்தைக் கேட்டு மலையாளத்தில் தட்டி அனுப்புவாள். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் குடும்பம் அவளுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். இரண்டில் எது முதலில் வாயில் வரும் என்று அவளுக்கே தெரியாது. மாமியார் மருமகளைக் குத்திப் பேசும் இடங்களில் அவள் எழுதுவதற்கு ஈடே இல்லை என்று கம்பெனியில் வேலை பிரித்துக் கொடுக்கும் ரமேஷ்பாபு சொல்வான்.

"சேச்சி, இது படிச்சு வர்றதில்லை."

"படிக்கலை. கேட்டு வந்தது," என்பாள் அம்மிணி.

வீடு பாலஸ் ரோட்டுக்குப் பின்புறச் சந்தில், ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடி. கீழே சாக்குகளைப் பிரித்துச் சலித்தால் மேலே ஜன்னல் கம்பியெல்லாம் வெளுக்கும். கூடத்து மூலையில் கம்ப்யூட்டர். மகள் ஸாதனா இஞ்சினியரிங் சேர்ந்த வருஷம் வாங்கியது. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது மடியில் வைக்கும் ஒன்றை வாங்கிக்கொண்டு, இதை அம்மாவுக்கு விட்டுவிட்டாள். சுக்குத்தூசி படாமலிருக்க அம்மிணி அதற்கு நீலக்கரை வைத்த கனத்த துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். திரை தெரிய வேண்டும், பொத்தான் தெரிய வேண்டும். மற்றபடி அது எப்போதும் உடுத்திக்கொண்டுதான் இருக்கும்.

அதன் மந்தம் அவளுக்கு ஒத்துப்போயிருந்தது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் அரிசி களைந்து குக்கரில் வைப்பாள். திரும்பி வந்தால் திரையில் மலைப்படம் வந்திருக்கும், அதற்கு மேல் ஒன்றும் வந்திருக்காது. போய் பீன்ஸ் நறுக்குவாள். ஒரு பகுதி எழுதிச் சேமிக்கச் சொன்னால் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அது நிற்பதற்குள் அரை மூடித் தேங்காய் துருவிவிடலாம். சீரியலில் கல்யாணம் நின்றுபோகும்போது வீட்டில் ரசம் கொதித்திருக்கும். உட்காரத் தெரியாதவளுக்கு நின்று நின்று ஓடுகிற இயந்திரம். இரண்டுக்கும் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தது போலத்தான் இருந்தது.

நவராத்திரிக்குச் சற்று முன்னால் ரமேஷ்பாபு கூப்பிட்டான்.

"சேச்சி, இனிமே படம் அனுப்ப மாட்டோம். எல்லாம் நேரா இன்டர்நெட்லயே. அங்கேயே படம் ஓடும், அங்கேயே டைப் பண்ணணும். எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. தசமி அன்னைக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு எபிசோடு திறப்பாங்க. உச்சைக்குள்ள, பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கணும்."

"தசமியா? அன்னைக்கு யாராவது வேலை வைப்பாளா?"

"சீரியலுக்குப் பூஜை உண்டோ சேச்சி? முடிக்கிறவங்க பேரு லிஸ்ட்ல இருக்கும். முடிக்காதவங்க பேரு இருக்காது. நான் நெனச்சாலும் முடியாது, கேட்டீங்களா?"

அவன் அனுப்பிய மாதிரி எபிசோடு ஒன்றை அன்றே திறந்து பார்த்தாள். படம் ஓடியது. தட்டினாள். எழுத்து வரவில்லை. கொஞ்சம் கழித்து மொத்தமாக வந்து கொட்டியது. படத்தில் ஒருத்தி வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தம் மட்டும் ஓடியது. பிறகு சத்தமும் நின்றது. வட்டம் சுற்றியது. அம்மிணி போய்த் தேங்காய் துருவிவிட்டு வந்தாள். இன்னும் சுற்றியது.

"போறும் விடேன்," என்றார் வெங்கிடேஸ்வரன், ஈஸிசேரிலிருந்து. வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். "நமக்கென்ன குறைச்சல்? நிம்மதியா இரு."

நிம்மதியாக இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவள் செய்த சாம்பாரை யாரும் குறை சொன்னதில்லை. நன்றாயிருக்கிறது என்று சொன்னதும் இல்லை. முதல் சீரியல் முடிந்தபோது, முன்பின் தெரியாத ஒருத்தன் போன் செய்து, "மூணாவது எபிசோட்ல அந்த மாமியார் வரி நீங்க எழுதினதா?" என்று கேட்டான். அந்த 'நீங்க'வை அவள் விடத் தயாராயில்லை.

ஸாதனாவைக் கூப்பிட்டாள். அவள் போனிலேயே வழி சொன்னாள்.

"மூணு கீயைச் சேர்த்து அமுக்கும்மா. ஒரு லிஸ்ட் வரும். ஆன் பண்ணினதும் தானா ஓடறதெல்லாம் என்னென்னன்னு வாசி."

அம்மிணி வாசித்தாள். எப்போதோ பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரனுக்குப் போட்ட பிரிண்டருக்கான ஒன்று. ஸாதனா காலேஜ் நாட்களில் சிநேகிதிகளோடு பேச வைத்திருந்த ஒன்று. பஞ்சாங்கம். சீட்டாட்டம். வைரஸ் பிடிக்கிறது ஒன்று, அதன் கீழே இன்னொன்று.

"ரெண்டா? யாரும்மா போட்டது?"

"ஒண்ணு கடைக்காரன் போட்டான். ஒண்ணு உங்கப்பா போட்டார். இலவசமா குடுத்தானாம்."

"வாசல்ல ரெண்டு வாட்ச்மேனை நிறுத்தி, ஒருத்தன் மேல ஒருத்தன் சந்தேகப்பட்டுண்டு நிக்கறான். ஒண்ணை எடு. அந்தப் பஞ்சாங்கம் எதுக்கு?"

"ராகுகாலத்துக்கு மணி அடிக்கும்," என்று ஈஸிசேரிலிருந்து குரல் வந்தது. "அதை எடுக்கப்படாது."

"அப்பா, சுவத்துல காலண்டர் தொங்கறது. எழுந்து பாருங்கோ."

ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். மறுநாள் காலை அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே திரை தயாராகிவிட்டது. அம்மிணிக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் மாதிரியைத் திறந்து வேலை செய்ய ஆரம்பித்து அரை மணி ஆனதும் பழைய கதை. முதலில் நன்றாக ஓடும். போகப் போக மூச்சு வாங்கும். உள்ளே ஏதோ இரைய ஆரம்பிக்கும், எழுத்து பின்தங்கும், பிறகு வட்டம்தான். அணைத்து ஆறவிட்டால் திரும்பவும் கொஞ்ச நேரம் ஓடும்.

தோப்பும்படியில் ரிப்பேர் கடைக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவன் கேட்டுக்கொண்டு, "பழசாச்சில்லே சேச்சி, புதுசு வாங்கினா நல்லது. இல்லேன்னா பூஜை கழிஞ்சு கொண்டுவாங்க," என்றான். அவன் கடையிலும் ஸ்க்ரூ டிரைவரெல்லாம் பூஜைக்குப் போகிற நேரம்.

அஷ்டமி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் புஸ்தகங்களையும் தொழில் சாமான்களையும் பூஜைக்கு வைத்தால், தசமி காலையில் எடுக்கிறவரை தொடக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. அந்த வீட்டில் வெங்கிடேஸ்வரன் விட்டுக்கொடுக்காத சில விஷயங்களில் அது ஒன்று. அவருடைய பேனா, சுத்தியல், பழைய பாட்டுப் புஸ்தகம், ஸாதனாவின் கால்குலேட்டர், வருஷா வருஷம் கம்ப்யூட்டரின் பெட்டி. எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இடுவது அவர் பொறுப்பு.

"இந்த வருஷம் கம்ப்யூட்டரை வைக்க வேண்டாமே," என்று சொல்லிப் பார்த்தாள். "தசமி அன்னைக்குத்தான் டெஸ்ட்."

"அப்போ கட்டாயம் வைக்கணும்."

"அருவாமணையையும் வையுங்கோளேன். அதுவும் தொழில் சாமான்தானே."

"அதை வச்சா ரெண்டு நாள் காய் எப்படி நறுக்கறது?"

"அதான் நானும் கேக்கறேன். ஒவ்வொரு வருஷமும்."

முதுகு பிடித்திருக்கிறது, பெட்டியை நீயே துடைத்து எடுத்து வா என்றார்.

அம்மிணி ஒயர்களைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, பெட்டியைக் கூடத்து வெளிச்சத்துக்கு இழுத்தாள். இத்தனை வருஷத்தில் அதன் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. முன்பக்கத்தில் கீழே, வட்டமாகப் பொடிப்பொடி ஓட்டைகள். அந்த வட்டத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். சந்தனம். அதன் கீழே இன்னும் சந்தனம். நடுவில் குங்குமம் கறுத்துப்போய் ஒரு படை, அதன் கீழே மறுபடி சந்தனம். வருஷத்துக்கு ஒரு தரம் இட்டது மட்டும் இல்லை அது.

"இதோ பாருங்கோ, இதுல எப்பெப்போ சந்தனம் வைப்பேள்?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை," என்றார் அவர், கேட்டதற்குச் சந்தோஷப்பட்டவராக. "நீ குளிக்கப் போறச்சே, உறையைத் தூக்கிட்டு. மத்த இடத்துல வழவழன்னு இருக்கு, நிக்கறதில்லை. அந்த ஓட்டைதான் நன்னாப் பிடிச்சுக்கறது."

அம்மிணி பெட்டியைத் திருப்பினாள். பின்னால் இரண்டு திருகு. ஸ்க்ரூ டிரைவர் பூஜைத் தட்டில் இருந்தது. இன்னும் விளக்கு ஏற்றவில்லை என்பதால் எடுத்தாள். பக்கத்துத் தகடு கழன்றதும் சுக்கு வாசனை வந்தது. உள்ளே ஒரு சின்ன விசிறி இருந்தது. அதன் கீழே அடுக்கடுக்காக இருந்த தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று படிந்திருந்தது. சுக்குத்தூசியும் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் சேர்ந்து படிந்தது. மேலே இவளுடைய உறை. முன்னால் அவருடைய சந்தனம். பாவம், அது எந்த வழியாக மூச்சு விடும்?

போனில் ஸாதனா கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "அதான்மா. சூடு ஏறினா அது தானா மெதுவாயிடும், இல்லேன்னா எரிஞ்சு போயிடுமே. ஊதி எடு. ஈரத்துணி உள்ள படக்கூடாது. விசிறி சுத்தாம பென்சில் குடுத்துப் பிடிச்சுக்கோ. அப்புறம் அந்தப் பாவாடையைத் தூக்கிப் போடு," என்றாள்.

"அது உறை."

"என்னவோ."

கீழே கிடங்கில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்த தங்கதுரையை ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். போடிநாயக்கனூர்க்காரர். பல வருஷமாக அங்கே மேஸ்திரி.

"தங்கதுரை, அந்தத் தூசி ஊதற மெஷினைக் கொஞ்சம் தர முடியுமா?"

"எதுக்கு மாமி?"

"கம்ப்யூட்டர் ஊத."

"சுக்குக்கு வச்சிருக்கோம் மாமி, கம்ப்யூட்டரு தாங்குமா?" என்றபடியே கொண்டுவந்தார். உள்ளே பார்த்ததும், "அடேயப்பா, எங்க குடோன்ல இவ்வளவு சரக்கு இல்லையே. மொதலாளிகிட்டச் சொல்லிறாதீங்க, எடை குறையுதுன்னு இங்க வந்து தேடப்போறாரு," என்றார்.

பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மிணி விசிறியில் பென்சிலைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள, தங்கதுரை தள்ளி நின்று ஊதினார். சந்தே தும்மியது. உள்ளே படுக்கையிலிருந்து வெங்கிடேஸ்வரன் தும்மினார். பிறகு அம்மிணி துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தைக் குத்தி எடுத்தாள். இருட்டுவதற்குள் தகட்டை மூடித் திருகினாள். அதே கையோடு ஒயரைச் சொருகிப் பார்த்துவிடலாம் என்று திரும்பினபோது, அவர் விளக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

"கொண்டு வா. நேரமாச்சு."

"ஒரே நிமிஷம். ஓடறதான்னு மாத்திரம்..."

"விளக்கு ஏத்தியாச்சு, அம்மிணி."

பெட்டி பட்டுத்துணிமேல் போய் உட்கார்ந்தது. சந்தனம் வைக்க வந்தவரின் கையைப் பிடித்து, "தலைல வையுங்கோ. ஓட்டைல வேண்டாம்," என்றாள்.

"அங்க சந்தனம் நிக்காதே."

"நிக்கற வரைக்கும் நிக்கட்டும்."

நவமி அன்று முழுவதும் அவளுக்குக் காலும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. விசிறியை அழுத்திப் பிடித்துவிட்டேனோ? ஏதாவது ஒயர் உள்ளே கழன்றிருக்குமோ? ஓடினாலும் அரை மணியைத் தாண்டுமோ? படிக்கக்கூடாத நாளில் கண் கண்டதையெல்லாம் படித்தது. பெருங்காய டப்பாவைப் படித்தது. சோப்பு உறையைப் படித்தது. கிடங்கு வாசலில் அடுக்கியிருந்த சாக்குகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அலமாரியை ஒழித்தாள். ஏற்கெனவே துவைத்த தலையணை உறைகளைத் திரும்பத் துவைத்தாள். கோயிலுக்குப் போய் அவசரமாகப் பிரதட்சிணம் வந்து, படகுத்துறைப் பக்கம் நடந்து, அங்கே நிற்கப் பிடிக்காமல் யூதர் தெருவான ஜூ டவுன் வழியாகத் திரும்பினாள். வெள்ளைக்காரர்கள் ஒரு பழைய பித்தளைக் கூஜாவுக்கு விலை கேட்டுக்கொண்டு நிதானமாக நின்றார்கள். அவர்களைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

மத்தியானம் அவர் தூங்கினார். அம்மிணி பூஜை முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒயர் கையில் இருந்தது. சுவரில் பிளக் பாயின்ட் எட்டுகிற தூரம். திரைகூட வேண்டாம், விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டால் போதும்.

"அம்மிணி, அங்க என்ன பண்றே?"

"விளக்குக்கு எண்ணெய் விடறேன்."

"எண்ணெய்க் கிண்ணம் இங்கேன்னா இருக்கு."

அவள் ஒயரைச் சுருட்டிக் கீழே வைத்தாள். சாமிக்குப் பயந்து வைத்ததாகச் சொல்ல முடியாது. ஓடவில்லை என்று தெரிந்தால், தெரிந்துகொண்டே ஒரு ராத்திரியைத் தள்ள வேண்டும். தெரியாமல் தள்ளுவது கொஞ்சம் லேசு.

தசமி காலையில் அவர் பூஜையை வழக்கத்தைவிட நிதானமாகச் செய்வது போல அவளுக்குப் பட்டது. "கொஞ்சம் சுருக்குங்கோளேன்," என்றாள். அவர் ஒரு மந்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். பரப்பின அரிசியில் இருவரும் விரலால் ஹரிஸ்ரீ எழுதினார்கள். அவள் எழுதினது பாதிதான் தெரிந்தது. கற்பூரம் அணைவதற்குள் பெட்டியைத் தூக்கப் போனாள். அவரும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். முதுகுப் பிடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒயர்களைச் சொருகினாள். உறை போடவில்லை. பொத்தானை அமுக்கினாள், உள்ளே மெல்லிதாக ஏதோ சுழன்றது. பழக்கத்தில் எழுந்து சமையலறைக்குப் போய் அரிசிப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"இங்க வந்துடுத்து," என்றார் அவர், கூடத்திலிருந்து.

"என்ன வந்துடுத்து?"

"உன் மலை."

அரிசிப் பாத்திரத்தோடேயே ஓடி வந்தாள். திரை முழுக்க வந்து, அவளுக்காகக் காத்திருந்தது.

பத்து மணிக்கு எபிசோடு திறந்தது. ஒரு நிச்சயதார்த்தம், இரண்டு சம்பந்திகள், நகையில் தகராறு. அவளுக்குக் கைவந்த சரக்கு. தட்டினாள், எழுத்து விரலோடேயே வந்தது. முதல் பகுதியைச் சேமிக்கச் சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். முடிந்திருந்தது. உட்கார்ந்தாள். அடுத்த பகுதியை முடித்து, சேமித்து, மறுபடி எழுந்தாள். அதுவும் முடிந்திருந்தது. இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் முட்டி வலித்தது.

அரை மணி நெருங்கும்போது விரல்கள் தானாகத் தயங்கின. காதைத் தீட்டிக்கொண்டு பெட்டியின் சத்தத்தைக் கேட்டாள். இரைச்சல் ஏறவில்லை. பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்புதான். படத்தில் பெரிய சம்பந்தி வாயைத் திறந்தாள், சத்தமும் கூடவே வந்தது. அம்மிணி விட்ட மூச்சில் மேஜைமேலிருந்த பூ நகர்ந்தது.

"காபி?" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"ம்."

அது கேள்வியா பதிலா என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானே போனார். பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. சம்பந்தி நடுவாக்கியத்தில் இருந்தாள். காபி வந்தது, பாயசம் மாதிரி தித்தித்தது. குடித்துக்கொண்டே எழுதினாள்.

உச்சைக்கு வெகு முன்னாலேயே முடித்து அனுப்பினாள். அனுப்பின பிறகும் கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"சேச்சி, வந்தது. 'உங்க வீட்டுத் தங்கம் எங்க வீட்டுல கறுத்துடும்'கிறதுக்கு எழுதினீங்களே, இங்க எல்லாரும் சிரிச்சாச்சு. பேரு இருக்கு. இனி வாரத்துக்கு மூணு. ஒருத்தர் முடிக்கலை, அவங்களோடதும் உங்களுக்குத்தான். இப்பவே ஒண்ணு திறக்கட்டா?"

அம்மிணி சமையலறைப் பக்கம் பார்த்தாள். குக்கர் அடுப்பில் ஏறவில்லை. அரிசிப் பாத்திரம் மேஜை மேலேயே இருந்தது. கும்பளங்காய் முழுசாகக் கிடந்தது. இதுவரை அந்த வீட்டுச் சமையல் நடந்ததெல்லாம் வட்டம் சுற்றுகிற நேரத்தில்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வட்டம் போய்விட்டது.

"திற," என்றாள்.

வெங்கிடேஸ்வரன் விரல் நுனியில் சந்தனத்தோடு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை இல்லை, ஆனாலும் நல்ல சேதி வந்த நாள். பெட்டியின் முகத்தைப் பார்த்தார். வட்டமான ஓட்டைகள் சுத்தமாகத் திறந்திருந்தன. அவளைப் பார்த்தார். அவள் திரும்பாமலேயே, "ஓட்டை மேல கை வச்சேள்னா தெரியும்," என்றாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, மேஜைக் காலில் தடவினார்.

"நேரமாறதே. சாப்பாடு?"

"அரிசி இதோ இருக்கு. ஒண்ணுக்கு மூணு தண்ணி. கும்பளங்காய் அங்க இருக்கு."

"நறுக்கணுமே."

"நறுக்கணும்."

அவர் அரிசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். சமையலறையில் எதையோ உருட்டுகிற சத்தம். ஒரு டப்பா விழுந்தது.

"அம்மிணி, அருவாமணை எங்கே?"

"எங்கேயும் போகலை. அதைத்தான் பூஜைக்கு வைக்கலையே," என்றாள் அவள். சேமிக்கச் சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பாதி எழுந்தாள். முடிந்திருந்தது. உட்கார்ந்தாள்.